முதலில் பிரிவு, பிறகு கார்: அமெரிக்க ஆட்டோகிராஸுக்கு வண்டி தேர்ந்தெடுப்பது எப்படி?

வேகமான கார் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆட்டோகிராஸ் ஓட்டுபவரிடம் கேட்டால் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: "எந்தப் பிரிவில்?" அந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் அடங்கிவிடுகிறது. 405 குதிரைத்திறன் கொண்ட கார்வெட் ஒரு பிரிவில் வெல்லும். 116 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட பழைய மஸ்டா மியாட்டா இன்னொரு பிரிவில் வெல்லும். இரண்டின் சொந்தக்காரர்களும் கோப்பையோடு வீடு திரும்பலாம். அதே மியாட்டாவில் தவறான ஒரு பாகத்தைப் பொருத்திவிட்டால், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் பட்டியலின் அடியில்தான் பெயர் வரும்.

இந்தக் கட்டுரை அமெரிக்காவின் அமெச்சூர் ஆட்டோகிராஸைப் பற்றியது. இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றதும் மண் பறக்கும் தடம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது தார் அல்லது கான்கிரீட் தரையில் நடப்பது.

போட்டி எப்படி நடக்கிறது?

பெரிய கார் நிறுத்துமிடம், பழைய விமான ஓடுதளம் போன்ற திறந்தவெளியில் ஆரஞ்சு நிறக் கோன்களை அடுக்கி வளைவும் நெளிவுமாக ஒரு தடம் அமைப்பார்கள். ஒவ்வொரு காரும் தனியாக, கடிகாரத்தை எதிர்த்து ஓடும். பக்கத்தில் இன்னொரு கார் இருக்காது என்பதால் மோதல் பயம் இல்லை. ஒரு சுற்று பெரும்பாலும் 30 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி தண்டம், ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்தச் சுற்றே கணக்கில் வராது. வெற்றி தோல்வி பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு விநாடியில் தீர்மானமாகும் ஆட்டத்தில் 2 விநாடி என்பது மலை.

நாடு முழுக்க இதை நடத்தும் முக்கிய அமைப்பு ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1944இல் தொடங்கிய இதைச் சுருக்கமாக எஸ்சிசிஏ என்பார்கள். இதன் ஆட்டோகிராஸ் திட்டத்துக்குப் பெயர் சோலோ. தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், ஒரு காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்த கான்கிரீட் பரப்பில் நடந்துவருகிறது. இரண்டு நாள், இரண்டு தடம், தடத்துக்கு மூன்று சுற்று. ஒவ்வொரு தடத்திலும் சிறந்த நேரத்தை எடுத்துக் கூட்டினால் வருவதே இறுதிக் கணக்கு. உள்ளூர்க் கிளைகள் வார இறுதிகளில் நடத்தும் போட்டிகள்தான் புதியவர்கள் நுழையும் வாசல்.

பிரிவு எதற்கு?

குத்துச்சண்டையில் எடைப் பிரிவு இருப்பதைப்போல இங்கே காருக்குப் பிரிவு உண்டு. இரண்டு விஷயங்களை வைத்து அதைத் தீர்மானிக்கிறார்கள். ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்தக் காரின் திறன். மற்றொன்று, அதன்பின் அதில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்பது.

மாற்றத்தின் அளவைப் பொறுத்துப் படிக்கட்டு இப்படி மேலே போகிறது:

*ஸ்ட்ரீட்.* ஏறக்குறைய ஷோரூமிலிருந்து வந்த நிலை. ஷாக் அப்சார்பரை மாற்றலாம். முன்பக்கம் அல்லது பின்பக்கம், ஏதாவது ஒரு ஆன்டி ரோல் பாரை மாற்றலாம். பிரேக் பேட், ஏர் ஃபில்டர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர் பகுதி ஆகியவற்றுக்கும் அனுமதி உண்டு. அலாய் வீலின் விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், அகலம் மட்டும் மாறக்கூடாது. ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. எஞ்சின் கணினியில் கை வைக்கக்கூடாது.

*ஸ்ட்ரீட் டூரிங்.* ஸ்பிரிங், இரண்டு ஆன்டி ரோல் பார்கள், அகலமான ரிம், எஞ்சின் கணினியின் ட்யூனிங் எல்லாம் இங்கே வரும். ஆனால் டயர் அகலத்துக்கும் ரிம் அகலத்துக்கும் உட்பிரிவு வாரியாக வரம்பு உண்டு.

*ஸ்ட்ரீட் பிரிப்பேர்ட், ஸ்ட்ரீட் மாடிஃபைடு.* முதலாவதில் சாலை அனுமதி பெற்ற பந்தய டயர்கள் நுழைகின்றன. இரண்டாவதில் டர்போ சேர்க்கலாம், எஞ்சினையே மாற்றலாம்.

*பிரிப்பேர்ட், மாடிஃபைடு.* உள்ளே சீட்டும் கம்பளமும் பிடுங்கப்பட்ட, வழவழப்பான ஸ்லிக் டயரில் ஓடும் முழுப் பந்தய வண்டிகள். டிரெய்லரில்தான் வரும்.

இவை தவிர, பழைய, புதிய அமெரிக்க மசில் கார்களுக்காக விதிகள் தளர்த்தப்பட்ட கேம் என்ற பிரிவு இருக்கிறது. மின்சாரக் கார்களுக்கும் தனியிடம் வந்துவிட்டது. முதல் தலைமுறை டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையருக்கென்று உள்ள சோலோ ஸ்பெக் கூப்பே என்ற பிரிவில் எல்லோரும் குறிப்பிட்ட அதே ஸ்பிரிங், அதே ஷாக் அப்சார்பர், அதே டயரைத்தான் போட வேண்டும். பணத்தால் வெல்ல முடியாதபடி கட்டிய பிரிவு அது.

ஸ்ட்ரீட்டுக்குள்ளேயும் சூப்பர் ஸ்ட்ரீட்டில் தொடங்கி ஏ முதல் ஹெச் வரை உட்பிரிவுகள் உண்டு. சூப்பர் ஸ்ட்ரீட் போர்ஷே 911 ஜிடி3 போன்ற வண்டிகளின் களம். ஏ ஸ்ட்ரீட்டில் பல ஆண்டுகளாக ஐந்தாம் தலைமுறை கார்வெட் இசட்06 கோலோச்சியது. எஃப் ஸ்ட்ரீட் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி போன்ற கனத்த வி8 கார்களுக்கானது. முதல் இரண்டு தலைமுறை மியாட்டாவும் டொயோட்டா எம்ஆர்2 ஸ்பைடரும் இ ஸ்ட்ரீட்டில் மோதிக்கொண்டன. ஜி, ஹெச் இரண்டும் பெரும்பாலும் முன்சக்கர இழுவைக் கார்களின் வீடு. அலுவலகம் போகும் வண்டியோடு தாராளமாக அங்கே இறங்கலாம்.

ஒரே ஒரு பாகம்

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வண்டியில் உள்ள எல்லா மாற்றங்களிலும் எது உயர்ந்த படியைச் சேர்ந்ததோ, அதுவே உங்கள் பிரிவைத் தீர்மானிக்கும். மற்ற ஒன்பது பாகங்கள் அசலாக இருந்தாலும் சலுகை கிடையாது.

உதாரணத்துக்கு, ஒருவர் அழகுக்காக வண்டியைச் சற்றுத் தாழ்த்தும் ஸ்பிரிங் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடமே அவர் ஸ்ட்ரீட்டை விட்டு ஸ்ட்ரீட் டூரிங்குக்கு ஏறிவிட்டார். அங்கே எதிரே நிற்பவர்களிடம் அகலமான ரிம், நன்றாகச் சரிசெய்யப்பட்ட சஸ்பென்ஷன், ட்யூன் செய்த எஞ்சின் எல்லாம் இருக்கும். இவரிடம் இருப்பது ஒரு செட் ஸ்பிரிங். ஏர் ஃபில்டரைப் பெட்டியோடு கழற்றிவிட்டு, சத்தம் கேட்கட்டும் என்று கோல்டு ஏர் இன்டேக் வைத்தவரின் கதையும் இதேதான். கார் ஒரு மயிரிழை வேகம் கூடியிருக்கும், எதிராளிகளின் தரமோ பல மடங்கு கூடிவிடும்.

ஆகவே பாகம் வாங்கும் முன் விதிப்புத்தகத்தைத் திறக்க வேண்டும். எஸ்சிசிஏ ஆண்டுதோறும் சோலோ விதிகளைப் புதிதாக வெளியிடுகிறது, இடையிடையே திருத்தங்களும் வரும். ஒரு கார் ஒரு பிரிவில் தொடர்ந்து வென்றால் அதை மேலே தள்ளுவார்கள், போட்டியிட முடியாமல் தேங்கினால் கீழே இறக்குவார்கள். போன வருடம் நண்பர் சொன்னதை நம்பி இந்த வருடம் கார் வாங்கினால் ஏமாற்றம் மிஞ்சலாம். விதிப்புத்தகத்தைப் படிக்கும்போது ஒரு அடிப்படையை மனத்தில் வையுங்கள்: அனுமதி என்று எழுதப்படாத எதற்கும் அனுமதி இல்லை.

கோன் தடம் எந்தக் காரை விரும்பும்?

நெடுஞ்சாலையில் பெருமை சேர்க்கும் பல அம்சங்களுக்கு இங்கே மதிப்பில்லை. உச்ச வேகம் தேவையே இல்லை. குதிரைத்திறன் வளைவுகளுக்கு இடையே உள்ள குறுகிய நேரத்தில் மட்டும் உதவும். திசை மாற்றும் சுறுசுறுப்புதான் முதலில் வேண்டும்.

அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நிற்கும் கோன்களை இடதும் வலதுமாகச் சுற்றி வருவது ஸ்லாலம். ஒரு கோனை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் உரசாமல் கடக்க, காரின் நடுக்கோடு ஏறக்குறைய காரின் அகலம் அளவுக்குப் பக்கவாட்டில் நகர வேண்டும். நான்காம் தலைமுறை மியாட்டாவின் அகலம் 1,735 மில்லிமீட்டர். ஐந்தாம் தலைமுறை கார்வெட்டின் அகலம் 1,869. அதாவது ஒவ்வொரு கோனிலும் கார்வெட் 13 சென்டிமீட்டர் அதிகமாக நகர வேண்டியிருக்கிறது, அதுவும் அதிக எடையைச் சுமந்துகொண்டு. நேர் ஓட்டத்தில் கார்வெட் சம்பாதிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை ஸ்லாலம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. தடம் இறுக்கமாக இருந்தால் சின்னக் காருக்குச் சாதகம், விரிவாக இருந்தால் பெரிய காருக்கு.

அடுத்தது கேம்பர், அதாவது டயரின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. வளைவில் கார் சாயும்போது டயர் தரையில் தட்டையாகப் படிய இந்தச் சாய்வு கொஞ்சம் வேண்டும். இல்லாவிட்டால் டயரின் வெளி ஓரம் மட்டும் உழைத்துத் தேயும். ஸ்ட்ரீட் பிரிவில் தொழிற்சாலை கொடுத்த சரிசெய்யும் வசதியைத்தான் பயன்படுத்த முடியும். மியாட்டாவின் முன் சஸ்பென்ஷன் இரட்டை விஷ்போன் வகை. போல்ட்டைத் திருப்பியே கேம்பரை மாற்றிக்கொள்ளலாம். மஸ்டாங், பிஆர்இசட் போன்ற கார்களின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை, அங்கே அந்த வசதி மிகக் குறைவு. மியாட்டா ஆட்டோகிராஸ்காரர்களின் செல்லமானதற்கு எடை குறைவு மட்டும் காரணமில்லை, இந்தப் போல்ட்டுகளுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் சக்தி முழுக்க அந்தச் சக்கரத்தில் வீணாகச் சுழலும். லிமிடெட் ஸ்லிப் அதை மறுபக்கத்துக்கும் பகிரும். ஸ்ட்ரீட்டில் இதைப் பின்னால் சேர்க்க முடியாது. தொழிற்சாலையிலேயே வந்திருக்க வேண்டும்.

நான்காவதாக, இரண்டாம் கியரின் எல்லை. பெரும்பாலான தடங்கள் அந்த ஒரு கியரிலேயே முடிந்துவிடும். தடத்தின் வேகமான பகுதிக்கு இரண்டாம் கியர் போதவில்லை என்றால் ஓட்டுநர் மூன்றுக்குப் போய், உடனே இரண்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த இழப்பைச் சில கார்களில் ஒவ்வொரு சுற்றிலும் சுமக்க நேரும்.

உயரமான, ஒடுங்கிய எஸ்யூவி வகை வண்டிகளை அனுமதிக்க மாட்டார்கள். பிடிப்புள்ள டயரில் திடீரென்று திரும்பும்போது கவிழும் ஆபத்து இருப்பதால், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் வைத்துக் கணக்கிட்டு எல்லை வகுத்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் ஒரு மியாட்டா

ஒரு பழைய மியாட்டாவை வாங்கப் போவதாக வைத்துக்கொண்டு இதையெல்லாம் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் ஆண்டு. 1990 முதல் 1993 வரையான மாடலில் 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். 1994இல் 1.8 லிட்டருக்கு மாறியது, 128 குதிரைத்திறன். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் உறுதியான டார்சன் வகைக்கு மாறியது. 1994இன் டார்சனை 1990 காரில் மாட்டிவிட்டு ஸ்ட்ரீட்டில் நிற்க முடியாது. வெவ்வேறு ஆண்டுகளின் நல்ல பாகங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

அடுத்து, அந்தக் குறிப்பிட்ட கார் தொழிற்சாலையிலிருந்து என்ன விருப்பப் பாகங்களோடு வந்தது. ஒரே ஆண்டு, ஒரே நிறம், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மியாட்டாக்களில் ஒன்று 'ஆர் பேக்கேஜ்' ஆக இருக்கலாம். அதில் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர், இறுக்கமான ஸ்பிரிங், டார்சன் எல்லாம் அசலாகவே வரும். பவர் ஸ்டீயரிங் இருக்காது. மற்ற காரில் இவை எதுவும் இல்லாமல் இருக்கலாம். தெருவில் ஓட்டுபவருக்கு முதலாவது முரட்டு வண்டி, ஆட்டோகிராஸ்காரருக்கு அதுதான் தேடிப் போகும் வண்டி. 2004, 2005இல் வந்த டர்போ மஸ்டாஸ்பீடு மியாட்டா பார்வைக்குத் தம்பி மாதிரி இருந்தாலும் பிரிவு வேறு.

மூன்றாவதாகக் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பளிச்சென்று சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது பெரும்பாலும் அசல் இல்லை. பானட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கிறதா, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாறியிருக்கிறதா என்று தெரியும். ஸ்டீயரிங்கைப் பாருங்கள், ஏர்பேக் வந்த காரில் அதைக் கழற்றிப் பந்தய ஸ்டீயரிங் மாட்டியிருந்தால் அதுவும் ஸ்ட்ரீட்டுக்கு ஆகாது. மாற்றங்கள் இருந்தால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "கழற்றின பழைய பாகங்களை வைத்திருக்கிறீர்களா?" கராஜ் மூலையில் அட்டைப்பெட்டியில் அவை தூங்கிக்கொண்டிருந்தால் பேரம் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இல்லையென்றால் முப்பது வயதுக் காருக்கு அசல் பாகம் தேடும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

டயரில்தான் பணம்

ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங் இரண்டிலும் டயரின் தேய்மானக் குறியீடு குறைந்தது 200 இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சாகியிருக்கும். மேற்கு டெக்சாஸில் உள்ள தடத்தில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைக்கப்பட்ட ஒரு தரநிலை டயரோடு ஒப்பிடுவது இதன் அடிப்படை. ஆனால் இறுதி எண்ணை அச்சிடுவது டயர் நிறுவனமே. அதனால் 200 என்று போட்ட எல்லா டயரும் ஒன்றில்லை. சாலைக்கான நல்ல டயரிலும் அந்த எண்ணைக் காணலாம். ஆட்டோகிராஸுக்காகவே மென்மையாகக் கலவை சேர்த்த யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போன்றவற்றிலும் அதே 200தான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும்.

நல்ல டயர் ஒரு செட் எளிதாக 800 டாலரைத் தாண்டும். அதைத் தினசரி ஓட்டத்தில் தேய்ப்பது வீண் என்பதால் பலரும் தனி ரிம்மில் போட்டு வைத்துக்கொள்வார்கள். ஆகவே காரை வாங்கும்போதே டயர் அளவைப் பாருங்கள். அகலமான டயர் கேட்கும் கனத்த கார் ஒவ்வொரு செட்டுக்கும் கூடுதலாகக் கேட்கும், சீக்கிரமும் தேய்க்கும். ஒரே காரை இரண்டு பேர் பகிர்ந்து ஓட்டவும் விதி இடம் தருகிறது. பலர் அப்படித்தான் டயர் செலவைப் பாதியாக்கிக்கொள்கிறார்கள்.

வேறு வேறு பிரிவுகளை ஒப்பிடுவது எப்படி?

உங்கள் பிரிவில் அன்று நீங்கள் ஒருவர்தான் என்றால் முதல் பரிசுக்கு அர்த்தமில்லை. அதற்காகவே பேக்ஸ் என்ற குறியீடு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்றுக்கு மிகாத ஓர் எண் ஆண்டுதோறும் தரப்படும். எடுத்த நேரத்தை அதனால் பெருக்க வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். வேகமான பிரிவின் எண் 0.830, மெதுவான பிரிவின் எண் 0.780. முதலாமவர் 42.0 விநாடியில் முடித்தால் 34.86 வரும். இரண்டாமவர் 44.5 விநாடி எடுத்தால் 34.71. கடிகாரத்தில் இரண்டரை விநாடி பின்தங்கியவர் பேக்ஸில் முந்திவிட்டார். புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து, இந்த முறையில் தரவரிசை போடும் கிளைகளும் உண்டு. கார் எதுவானாலும் ஓட்டும் திறமை வளர்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

எங்கே தொடங்குவது?

இப்போது வைத்திருக்கும் காரோடு, எதையும் மாற்றாமல் முதல் போட்டிக்குப் போங்கள். பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமா, டயரில் நூல் தெரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று காலையில் சோதிப்பார்கள். டிக்கியிலும் சீட்டுக்கடியிலும் உருளக்கூடியதை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். ஹெல்மெட் இல்லையென்றால் பல கிளைகள் இரவல் தரும். உங்கள் ஓட்டம் முடிந்ததும் தடத்தில் நின்று, மற்றவர்கள் தட்டிய கோன்களை எடுத்து வைக்கும் வேலையும் உங்களுக்கு உண்டு. அதை அலுப்பாக நினைக்காதீர்கள். எந்தக் கார் எந்த இடத்தில் நேரம் இழக்கிறது என்பதை அங்கே நின்றால்தான் கண்ணால் பார்க்க முடியும்.

ஒரு பருவம் அப்படி ஓட்டிய பிறகு, உங்கள் கிளையில் எந்தப் பிரிவில் ஆள் கூட்டம் அதிகம் என்று பாருங்கள். நல்ல எதிராளிகள் இருக்கும் பிரிவில்தான் ஓட்டம் மெருகேறும். அந்தப் பிரிவின் விதியைப் படித்து, அதில் முன்னணியில் நிற்கும் இரண்டு மூன்று கார்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை ஓட்டுபவர்களிடம் பக்கத்து சீட்டில் ஒரு சுற்று உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே ஏற்றிக்கொள்வார்கள். அதன்பிறகு கையில் உள்ள தொகையில் டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தில் எந்தக் கார் வருகிறதோ, அதுதான் உங்களுக்கான கார்.